அரை நாள் பெல்ட்

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதானே ஏறினீர்கள்? நடுவில் ஒரு படி கொஞ்சம் உயரம் அதிகம், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தடுக்குவார்கள். மாடி வீடு வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "கீழ காத்தே வராது ஜெசி" என்றார் எங்கள் வீட்டுக்காரர். சரி என்று படி முடிகிற இடத்தில் ஒரு மரக் கதவு மட்டும் போட வைத்தேன். நீங்கள் திறந்துகொண்டு வந்தீர்களே, அதுதான். சாத்தினீர்களா? இருங்கள், நானே பார்த்துவிட்டு வருகிறேன்.

ம். சாத்தியிருக்கிறது.

பாப்பாவைப் பார்த்து ஏன் அப்படி முழிக்கிறீர்கள்? கட்டிப் போட்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் பழைய துப்பட்டா இரண்டை முடிந்ததுதான், மெத்தென்று இருக்கும். இடுப்பில் ஒரு சுற்று, மறுமுனை ஜன்னல் கம்பியில். இந்தக் கூடம் முழுக்க ஓடலாம், வாசற்படியைத் தொடலாம், படிக்கட்டு வரைக்கும் போக முடியாது. நீளத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினேன். "என்னடி, கன்னுக்குட்டியா வளக்குற?" என்று எதிர்வீட்டு அக்கா சிரிப்பார். சிரிக்கட்டும். பாதுகாப்பு டிப்ளமோ படித்தது என் பிள்ளைக்காவது உதவட்டுமே. ஜோவிட்டா, ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டாள். "ப்பா" மட்டும்தான் வரும் அவளுக்கு.

நீங்கள் வந்த விஷயம் எனக்குத் தெரியும். ஹரிணேஷ் காலையிலேயே போன் பண்ணிவிட்டான். "மேம், எங்க காலேஜ்ல புதுசா சேந்த மேடம் வருவாங்க, பாதுகாப்பு வாரத்துக்கு நீங்கதான் பேசணும், மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றான். நாளைக்கே வகுப்பு என்றும் சொன்னான். நல்ல பையன். உங்கள் காலேஜ் மாணவன்தான், படித்து முடித்து இப்போது எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் சைட்டில் இன்ஜினியர்.

மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன் மேடம். நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர், போன வருஷம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். காபி சூடாக இருக்கிறது, டம்ளரை ஓரத்தில் வைக்காதீர்கள்.

நான் பயந்தவள். முன்னால் இப்படி இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம், பாப்பா பிறந்த பிறகு முழுசாக. அவர் சாரம் கட்டுகிற ஆட்களுக்கு ஃபோர்மேன். பேர் அமலன். ஃபோர்மேன் என்றால் கீழே நின்று கை காட்டுகிறவர் என்று நினைப்பீர்கள். இவர் முதல் ஆளாக ஏறுவார், கடைசி ஆளாக இறங்குவார். சாயங்காலம் அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடனே போன் போடுவேன். எடுத்ததும் "உசுரோடதான் இருக்கேன், போனை வையி" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் போன். ஒரு நாள் அது வராமல் போய்விட்டால் என்ன செய்வேன்? அப்பா அம்மா வயசானவர்கள். இவள் இப்படி இருக்கிறாள். அதனால்தான் சொல்கிறேன், பாதுகாப்பு என்பது எனக்கு வெறும் பாடம் இல்லை.

போன வருஷம் நான் அவர் வேலை பார்க்கிற கம்பெனியில்தான் பாதுகாப்பு அதிகாரி. பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். தஞ்சாவூர் ரோட்டில் அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. உங்கள் காலேஜிலிருந்து சிவில் பிள்ளைகளை இரண்டு பஸ் நிறைய சைட்டுக்கே அழைத்து வருகிறோம், பாதுகாப்பு வகுப்பு எடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் வைத்தீஸ்வரன் சார் என்னைக் கூப்பிட்டு, "ஜெசிந்தா, பேப்பர்ல வரணும், அப்படிச் செய்யுங்க" என்றார்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். கான்வென்ட் வளர்ப்பு. ஷூவில் ஒரு தூசி இருந்தால் சிஸ்டர் வரிசையை விட்டு வெளியே நிற்க வைத்துவிடுவார். பேச்சுப் போட்டியில் வருஷா வருஷம் நான்தான். அதனால் எல்லாவற்றையும் யோசித்தேன். ஷாமியானா எங்கே போடுவது, மைக் எங்கே, குடிதண்ணீர் எங்கே. தர்பூசணி இரண்டு வாங்கச் சொன்னேன். ஒன்றுக்கு ஹெல்மெட் போட்டு மேலே செங்கல்லைப் போட வேண்டும், இன்னொன்றுக்கு ஹெல்மெட் இல்லாமல். மூளை என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரிய வேண்டும். பிறகு பழைய சட்டை பேன்ட்டில் மணல் அடைத்து ஒரு பொம்மை. அதை முதல் மாடியிலிருந்து, உயரத்தில் ஏறுகிறவர்கள் மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஒரு தடவை தள்ளுவது, பெல்ட் கட்டி ஒரு தடவை தள்ளுவது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் பெல்ட் மாட்டிக்கொண்டு உறுதிமொழி எடுப்பது, போட்டோ.

பெல்ட்தான் சிக்கல். ஸ்டோரில் இருந்ததெல்லாம் பழசு, வார் நைந்து, கொக்கி துருப்பிடித்து. புதுசு கேட்டு எழுதியிருந்தோம், வரவில்லை. சார் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டு போட்டோ எடுத்தா நம்ம மானம் போயிடும். ஆளுங்க போட்டிருக்கிறது நல்லாத்தானே இருக்கு? அதை வாங்குங்க. அரை நாள்தானே" என்றார்.

மேனேஜர் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா மேடம்? நான் என்ன முதலாளியா? அதுவும் காலேஜ் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல காரியம். முந்தின சாயங்காலமே ஒவ்வொருவரிடமும் போய் வாங்கினேன். "அரை நாள்தான் அண்ணா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எல்லாருக்கும் கீழ வேலைதான், பொறுப்பு என்னுடையது" என்று சொல்லித்தான் வாங்கினேன். சும்மா பிடுங்கவில்லை.

வாங்கிப் பார்த்தால் ஒரே வியர்வை நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களே என்று, பாதி பெல்ட்டுகளை நானே என் கையால் சோப்புப் போட்டுத் துவைத்தேன். ராத்திரியே கூரைக்கு அடியில் நிழலாகப் பார்த்துத்தான் காய வைத்தேன், காலை வெயில் பட்டால் வார் பலம் போய்விடும். காலையில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. செல்லமுத்து அண்ணன் என்று ஒருவர், துறையூர்ப் பக்கம், சென்ட்ரிங் வேலை. தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்துத் தகடு அடிப்பார்களே, கான்கிரீட் இறுகியதும் பிரிப்பார்களே, அந்த வேலை. எதற்கெடுத்தாலும் கிண்டல். என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

"ஏ அப்பா! நம்ம பெல்ட்டு மாப்பிள்ளை கணக்கா ஆயிருச்சே! டீச்சரம்மா, என்னைய எப்ப துவைச்சுக் காயப் போடுவீங்க?"

"உங்களை ஊறவே வைக்கணும் அண்ணா, ஒரு வாரம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருடைய பெல்ட் எது என்று எல்லோருக்கும் தெரியும். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஊதா ரிப்பன் கட்டியிருக்கும். அவர் மகளுடையது. மாறிப்போகக் கூடாது என்று கட்டி வைத்திருந்தார். பெல்ட் விஷயத்தில் அவர் அவ்வளவு சுத்தம் மேடம், அதைச் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு நான் கத்த வேண்டும். அவருக்கு ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தார்?

பிள்ளைகள் வந்தார்கள். உங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருத்தருக்கும் கவனம் இல்லை. எல்லோர் கையிலும் செல். பெல்ட்டை மாட்டிவிட்டதும் ஒரு பெண், "மேம், இதைப் போட்டா இடுப்பு குறையுமா?" என்கிறாள். தர்பூசணி மேல் செங்கல் விழுந்து சிதறியதும் ஒருத்தன், "மேம், ஹெல்மெட் போட்ட பழத்தை நாங்க சாப்பிடலாமா, அது உசுரோடதானே இருக்கு?" என்றான். சாப்பிட்டும் விட்டார்கள். கான்வென்ட்டாக இருந்தால் அத்தனை பேரையும் முட்டி போட வைத்திருப்பார்கள்.

ஹரிணேஷ் ஒருத்தன்தான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான். எதைக் கேட்டாலும் டக் டக்கென்று பதில். எவ்வளவு உயரத்துக்கு மேல் பெல்ட் கட்டாயம், கொக்கியை எதில் மாட்ட வேண்டும், எதில் மாட்டக் கூடாது, எல்லாம். பரிசும் அவனுக்குத்தான் கொடுத்தோம். செல்லமுத்து அண்ணனுடைய பெல்ட்டை அவன்தான் போட்டிருந்தான். உங்கள் கையில் இருக்கிற நோட்டீஸைக் காட்டுங்கள். இதோ, முகப்பில் போட்டிருக்கிறீர்களே, அன்றைக்கு எடுத்த போட்டோதான். நடுவில் நான், என் வலது பக்கம் ஹரிணேஷ். இடுப்புக்கு மேலே ஊதாவாகத் தெரிகிறதா? அந்த ரிப்பன்தான்.

போட்டோ முதலிலேயே எடுத்துவிட்டோம், நல்லவேளை. மணல் பொம்மைதான் பாக்கி. அதைத் தள்ளுவதற்கு முன்னால் மைக்கில் கேட்டேன், "உயரத்தில் வேலை செய்கிறவருக்கு உயிர் எது?" என்று. எல்லோரும் சேர்ந்து, "பெல்ட்டு!" என்று கத்தினார்கள். "சத்தம் போதாது, இன்னொரு தடவை" என்றேன். "பெல்ட்டு!"

அப்போதுதான் கட்டடத்துக்குப் பின்பக்கம் தொப்பென்று கேட்டது.

பிள்ளைகள் கை தட்டினார்கள் மேடம். பொம்மை விழுந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினார்கள். நானே அப்படித்தான் நினைத்தேன். "சொல்றதுக்கு முன்னாடி யார் தள்ளினது?" என்று மைக்கிலேயே கேட்டேன். எனக்குக் கோபம். எவ்வளவு ஒத்திகை பார்த்திருந்தோம்! நிமிர்ந்து பார்த்தால் பொம்மை முதல் மாடியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, கால் இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு.

என்ன நடந்தது என்றால், பிரித்த தகடுகளை வேறு சைட்டுக்கு ஏற்றிக்கொண்டு போக லாரி வந்து நின்றிருக்கிறது. மறுநாள் வர வேண்டிய லாரி. மேஸ்திரி, "வண்டி காத்துக் கிடக்குது, நாலாவது மாடில ஓரத்துல இருக்கிற தகட்டை மட்டும் பிரிச்சு இறக்குடா" என்று சத்தம் போட்டிருக்கிறார். செல்லமுத்து அண்ணன் ஏறிவிட்டார். பெல்ட் இல்லாமல்.

ஏறுவதற்கு முன்னால் ஷாமியானா ஓரத்தில் வந்து நின்றார். பார்த்தேன். நான் பேசிக்கொண்டிருந்தேன். ஹரிணேஷைக் கை காட்டி, தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். விளையாட்டு என்று நினைத்தேன். அவர்தான் எதற்கும் கிண்டல் பண்ணுகிறவர் ஆயிற்றே. கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். பொறுங்கள் என்று அவ்வளவு தெளிவாகக் காட்டினேன் மேடம். பொறுத்திருக்க வேண்டியதுதானே?

பெல்ட் இல்லை, ஏற மாட்டேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. தினமும் காலைக் கூட்டத்தில் அதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்? மேஸ்திரி என்ன, யார் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள் என்று எத்தனை தடவை! எங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால், "கூப்பிட்டா போவாம நிக்க முடியுமா ஜெசி? நின்னா நாளைக்கு வேற ஆளு நிப்பான்" என்கிறார். நியாயமா இது? அப்படியானால் நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எதற்கு?

விழுந்த இடத்துக்கு நான் போகவில்லை. போக விடவில்லை. பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும், அதுவும் என் பொறுப்புதானே. பெல்ட்டைக் கழற்றி நாற்காலிகளின் மேல் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று சார் வந்து சொன்னார். நான் நாற்காலி நாற்காலியாகப் பெல்ட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. மைக் அணைக்காமல் கிடந்தது. நான் மூச்சு விடுவது எனக்கே ஒலிபெருக்கியில் கேட்டது.

பிறகு விசாரணை. அதிகாரி ஒருவர் வந்தார். "இவருக்கு பெல்ட் கொடுத்திருந்தீங்களா?" என்று கேட்டார். கொடுத்திருந்தோம் என்றேன். "விழும்போது போட்டிருந்தாரா?" இல்லை என்றேன். இரண்டும் உண்மை. ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை மேடம். பொய் எனக்கு வராது. கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள்.

இதோடு விட்டிருந்தால் நான் வேலையில் இருந்திருப்பேன். அந்தம்மாதான். பவுனு என்று பேர், செல்லமுத்து அண்ணன் மனைவி. காரியம் எல்லாம் முடிந்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். நான் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். உட்காரவில்லை, குடிக்கவில்லை. அத்தனை பேர் இருக்கும்போது என்னைப் பார்த்து, "அவரு பெல்ட்டு எங்கம்மா?" என்றார்.

"ஸ்டோர்ல இருக்குங்க" என்றேன்.

"இல்லம்மா. அப்ப எங்க இருந்துச்சு?"

கத்தவில்லை. அழவில்லை. வழி கேட்கிற மாதிரிக் கேட்டார். சார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏன் என்னிடம் கேட்க வேண்டும்? மேஸ்திரி இல்லையா, லாரிக்காரன் இல்லையா? அந்தப் பெல்ட்டைத் துவைத்து, நிழலில் காய வைத்து, அவ்வளவு மரியாதையாக வைத்திருந்தவள் நான். துக்கத்தில் இருக்கிறவர்கள் எதையாவது கேட்பார்கள், அதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது கேட்கும். பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது கேட்கும். "ஸ்டோர்ல இருக்குங்க" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன் சில நேரம். பாப்பா என்னைப் பார்ப்பாள்.

"அதைக் குடுத்துருங்கம்மா, அதுல எங்க பாப்பா ரிப்பன் இருக்கு" என்றார் அந்தம்மா. பெல்ட் கம்பெனிப் பொருள், கொடுக்க முடியாது. ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தேன். முடிச்சு இறுகியிருந்தது, நகம் உடைந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் அதை வாங்கித் தலையில் கட்டிக்கொள்ளவில்லை. மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதானே வரும்? முகம் சுருங்கிப் போயிற்று அதற்கு. அந்த மாதமே நான் வேலையை விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டு வரும்போது ஒன்றே ஒன்று கேட்டேன் சாரிடம். அந்தப் பெல்ட்டை எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுக்கச் சொன்னேன். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் படித்தவள் மேடம், யோசித்துத்தான் கேட்டேன். ஒரு பெல்ட் ஒரு தடவை ஆளைத் தாங்கிவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், உள்ளே நூல் விட்டிருக்கும். இது தாங்கவே இல்லையே. ஒரு ஆளைக்கூடத் தாங்கியதில்லை. புதுசு மாதிரி. ஸ்டோரில் இதைவிட நல்லது கிடையாது.

அதோ, ஆணியில் தொங்குகிறதே, அதுதான். ரிப்பன் இருந்த இடத்தில் மாதா சுரூபம் ஒன்று, சின்னப் பதக்கம், கட்டியிருக்கிறேன், சாமியார் மந்திரித்துக் கொடுத்தது. சைட்டில் வைத்தால் எவனாவது எடுத்துவிடுவான் என்று தினமும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். காலையில் நானே எடுத்துக் கொடுப்பேன், சாயங்காலம் நானே வாங்கி மாட்டுவேன். அது ஆணியில் இருந்தால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று பாப்பாவுக்குக் கணக்கு. அதைப் பார்த்துத்தான் "ப்பா" என்பாள். இன்றைக்கு அவருக்கு விடுமுறை, கடைக்குப் போயிருக்கிறார். பெல்ட் இல்லாமல் ஏற மாட்டேன் என்று பாப்பா தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். செய்ய வைத்தேன். சத்தியம் செய்யும்போது சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஹரிணேஷ் அங்கே இன்ஜினியராக வந்தது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? என்னிடம் படித்த பையன். ஆனால் பாருங்கள், போன வாரம் இவர் வந்து சொல்கிறார்: "உன் பிரைஸ் ஸ்டூடன்ட்டு வேகம் தாங்கல. 'அமலன் அண்ணா, ஒரே நிமிஷம், ஒரு எட்டு ஏறி அந்தக் குழாயைத் தட்டிவிட்டுட்டு வந்துடுங்க'ங்கிறான்." நான் நம்பவில்லை. "ஏறுனீங்களா?" என்று கேட்டேன். அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

இதுதான் மேடம். சொல்லிக் கொடுத்து என்ன ஆகப் போகிறது, சொல்லுங்கள். எல்லாம் தெரிந்தவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், அவனே இப்படி. நாளைக்கும் உங்கள் பிள்ளைகள் செல் பார்ப்பார்கள், கை தட்டுவார்கள், ஆளுக்கொரு சைட்டுக்குப் போய் யாரையாவது ஏறச் சொல்வார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. ஆனால் பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் பயம் இன்னும் அதிகமாகிறது. பேசும்போது மட்டும், மைக் முன்னால் நிற்கும்போது மட்டும், ஏதோ பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

வருகிறேன். சரி, வருகிறேன். பாப்பாவையும் தூக்கிக்கொண்டுதான் வருவேன்.

பெல்ட்டா? ஹரிணேஷ் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறானா? ஆட்களிடம் வாங்கித்தானே? நல்லது. ஓ, எல்லாம் அழுக்காக இருக்கிறதா. ஆமாம், மேடையில் நான் போட்டுக் காட்டுவதற்கு ஒன்றாவது பார்க்க நன்றாக இருக்க வேண்டும். போட்டோவில் தெரியுமே.

இதையே எடுத்துக்கொள்ளுங்கள் மேடம். இதைவிட நல்லது எங்கே கிடைக்கும்? பரவாயில்லை. நாளைக்கு அவருக்கு மேலே வேலை இல்லை. வெளிச்சாரம் பிரிக்கிறது அடுத்த வாரம்தான், குழாய் ஏற்ற லாரி வந்தால்தான் பிரிப்பார்கள். லாரி முன்னாடியே வந்தால் ஒழிய கீழேதான் நிற்பார். நான் சொல்லிக்கொள்கிறேன். அரை நாள்தானே.

நீங்களே கையோடு கொண்டுபோய்விடுங்கள். பாப்பாவையும் தூக்கி இதையும் தூக்கிக்கொண்டு என்னால் பஸ் ஏற முடியாது. இருங்கள், ஆணியிலிருந்து எடுத்துத் தருகிறேன். சுரூபம் கதவில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கில் வைத்துப் பாருங்கள், நாற்றமே இருக்காது. வாராவாரம் துவைக்கிறேன்.

ஏய், ஜோவி! பார்த்தீர்களா, எப்படி இழுக்கிறாள்? "ப்பா ப்பா" என்று பெல்ட் பின்னாலேயே ஓடுகிறாள். ஜன்னல் கம்பியே பெயர்ந்துவிடும் போலிருக்கிறது. இதற்குத்தான் கட்டி வைத்திருக்கிறேன் மேடம், நீங்கள் வந்ததும் ஒரு மாதிரி பார்த்தீர்களே. அழாதேடி, ஆன்ட்டி நாளைக்கே திருப்பித் தந்துடுவாங்க.

பார்த்து இறங்குங்கள். அந்த நடுப்படி உயரம். மேடம், போகும்போது படிக் கதவை மறக்காமல் சாத்திவிட்டுப் போங்கள். குழந்தை இருக்கிற வீடு.